மூன்றரை ஜோடி கிளவுஸ்

எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது கண்ணு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னால் வரவேண்டியது பின்னால் வந்துவிடும். நான் கல்யாணக் கதை சொன்னால் பந்தியில் ஆரம்பித்துத் தாலியில் முடிப்பேன் என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அஞ்சாவதோடு நின்றவள்தானே நான். தப்பாகச் சொல்லி, அதைக் கேட்டு நீங்க ஏதாவது செய்து, கையில் பட்டுவிட்டால் அந்தப் பாவம் எனக்கு. அதனால்தான் ஆத்தூரிலிருந்து வாயைத் திறக்காமல் வந்தேன். ஆனால் நீங்க மடியில் அந்தப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? கிளவுஸ்தானே அது? நீங்க பஸ் ஏறும்போதே பார்த்துவிட்டேன்.

எதற்கு வாங்கினீங்க? ரோஜாச் செடிக்கா. சரி. முள்ளாக இருந்தால் என்ன, உளியாக இருந்தால் என்ன, கைக்குத் தெரியுமா? கேளுங்க. தம்மம்பட்டி வருவதற்குள் முடித்துவிடுவேன்.

அங்கேதான் மரச்சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறேன். துரைக்கண்ணு ஆசாரி பட்டறை. ஒன்பது வருஷம் உப்புத்தாள் போட்டேன். மற்றவர்கள் செதுக்கித் தருகிற பிள்ளையாரையும் குதிரையையும் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கித் தரவேண்டும். தும்மினால் மரத்தூள், டீ குடித்தால் மரத்தூள். சாயங்காலம் நான் தலை சீவினால் எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு வாகையா, மாவிலங்கையா?" என்பார். கொட்டுகிற தூளின் நிறத்தை வைத்தே மரத்தைச் சொல்லிவிடுவார். அந்த ஒன்பது வருஷமும் என் கைதான் உப்புத்தாளில் இருந்தது. கண் உளி பிடிக்கிறவர்கள் கையிலேயே இருந்தது.

போன தை மாசம் ஆசாரி சாப்பிடப் போன நேரம் பார்த்து, கழித்துப்போட்ட துண்டில் ஒரு கிளியை நானாகச் செதுக்கி வைத்தேன். வந்தார். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு பண்ணுனது?"

"தெரியாம பண்ணிட்டேங்கண்ணா" என்றேன்.

"தெரியாம பண்ணுனதே இப்படி இருக்குதுன்னா, இனிமே தெரிஞ்சு பண்ணு" என்று ஒரு சின்ன உளியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் நாலு பேரிடம் அந்த உளியைக் காட்டினேன். ஒருத்தர் காது குடையவா என்று கேட்டார். இருக்கட்டும், எனக்குக் கோபமே வரவில்லை.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ஆடித் திருவிழாவுக்காக ஓர் ஊர்க் கோயிலிலிருந்து அம்மன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அத்தி மரத்தில் அம்மன், அம்மன் கையில் ஒரு கிளி. இரண்டும் ஒரே மரத்தில் இருக்கவேண்டும். அம்மனை ஆசாரி எடுத்துக்கொண்டார். கிளியை என்னிடம் கொடுத்தார். வசந்தாமணி முகத்தை நீங்க பார்த்திருக்கவேண்டும். வசந்தாமணி என்பவள் என் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போடுகிறவள். அவளுக்குத் தாளே வேண்டாம், வாயாலேயே தேய்த்துவிடுவாள்.

சாமி மரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதில் ரத்தம் படக்கூடாது. ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த மரம் அவ்வளவுதான். கழுவக்கூடாது, சுரண்டக்கூடாது, அடுப்பிலும் வைக்கக்கூடாது. கொண்டுபோய் ஆற்றில் விடவேண்டும். எங்கள் ஆற்றில் தண்ணீர் இருப்பதில்லை. அதனால் மணலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். போய்விட்டதாக அர்த்தம்.

மூன்றாம் நாளே பட்டது. இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே சதை இருக்கிறதே, அங்கே. கிளிக்கு அப்போதுதான் தலை வந்திருந்தது. அந்தத் தலைமேலேயே சொட்டியது. ஆசாரி ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டு வந்தார். "பவளக்கொடி, அந்த அத்தியில இன்னும் ரெண்டு கிளிக்குத்தான் மரம் கெடக்குது. வாகைத் துண்டுல நல்லாப் பழகிட்டு வா. அதுவரைக்கும் அத்தியைத் தொடாதே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு ஒரே ஆச்சரியம். ஏழு வயசில் அரிவாள்மனையில் உட்கார்ந்தவள் நான். நாற்பது வருஷம். கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்காய் அரிவேன், பேசிக்கொண்டே பூசணி பிளப்பேன். கையில் ஒரு கீறல் காட்டுங்க பார்க்கலாம். அப்பேர்ப்பட்ட கையில் இந்தச் சுண்டுவிரல் நீள உளி எப்படிப் பட்டது? கையில் குறை இல்லை. அப்படியென்றால் கைக்கு மேலே ஏதோ குறைகிறது. கிளவுஸ்! அப்படித்தான் அந்த எண்ணம் வந்தது.

முதலில் வாங்கியது வெள்ளை நூல் கிளவுஸ். மூட்டை தூக்குகிறவர்கள் போடுவார்களே, அது. பட்டறையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் வசந்தாமணி, "என்னக்கா, டிராபிக் போலீஸ்ல எடுத்துட்டாங்களா?" என்றாள். ஒரு மணி நேரத்தில் உளி நழுவி நூலைத் தாண்டி, அதே இடத்தில், அதே இடது கையில் இறங்கியது. ஆனால் பாருங்க, ரத்தம் மரத்தில் படவில்லை. துணியே குடித்துக்கொண்டது. அதை நான் வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆசாரியிடம், "கிளவுஸ் நல்லா வேலை செய்யுதுங்கண்ணா" என்றேன். "அப்ப ஏன் செவப்பா இருக்குது?" என்றார்.

அடுத்தது, பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர். நூலைத் தாண்டுகிற உளி ரப்பரைத் தாண்டாது என்று எனக்குத் தோன்றியது. தாண்டவில்லைதான். ஆனால் உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது கண்ணு. கழற்றினால் என் கை ஊறவைத்த புளி மாதிரி இருக்கிறது. மரம் ஒரு பக்கம் வழுக்குகிறது, உளி ஒரு பக்கம் வழுக்குகிறது. கடைசியில் உளி கையைவிட்டுப் போய் என் கால் பெருவிரலுக்கு அரை அங்குலம் தள்ளித் தரையில் குத்தி நின்றது. கால் விரலுக்கு எவனும் கிளவுஸ் விற்பதில்லை.

என் தம்பி குமாரசாமி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் போய்த் தோல் கிளவுஸ் வாங்கி வந்தேன். முழங்கை வரைக்கும் வரும். "அக்கா, அது நெருப்புக்குப் போடறது" என்றான். நெருப்பையே தாங்குவது உளியைத் தாங்காதா? போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கை பத்திரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் கிளி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. அப்படிப் பார்த்தபோது கிளிக்கு மூக்கு இல்லை. நானே அமுக்கி உடைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். வாகைத் துண்டுதான், பாதகமில்லை. ஆனால் வசந்தாமணி தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "வாங்க, வாங்க, கரடி கிளி செதுக்குது" என்று காட்டினாள்.

நடுவில் சொல்லிவிடுகிறேன், நீங்க வாங்கியது உள்ளங்கையில் ரப்பர் தடவியதா? விரல் நுனி சரியாக உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்கினீங்களா? இல்லையா? சரி, இப்படிக் கொடுங்க, அப்புறம் பார்ப்போம்.

நான் விடவில்லை. ஆத்தூரில் ஒரு பெரிய ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் பொறுமைசாலி. சாம்பல் நிறத்தில் ஒரு கிளவுஸை எடுத்துப் போட்டார். நூலுக்குள்ளே எஃகு இழை வைத்துப் பின்னியதாம். என் கண் முன்னாலேயே ஒரு பிளேடை எடுத்துப் பரபரவென்று அதன்மேல் இழுத்தார். ஒரு நூல் அறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கங்கம்மா. கிழிச்சா தாங்கும், குத்துனா தாங்காது. இழைக்கு நடுவுல முனை புகுந்துடும். அப்புறம், சுத்துற மெஷின் பக்கத்துல போடாதீங்க, கையோட இழுத்துக்கும்" என்றார். அவர் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிற மனுஷர். எனக்குத் தாங்கும் என்பது வரைக்கும்தான் கேட்டது. அது அவர் தப்பு.

"இது ஒத்தையாத்தான் வரும். எந்தக் கைக்கு வேணும்? மரத்தைப் பிடிக்கிற கைக்குத்தானே?"

"சோறு திங்கிற கைக்கு" என்றேன்.

"உளி பிடிக்கிற கைக்காம்மா? எதுக்கும் யோசிச்சு..."

எதை யோசிப்பது? வேலை செய்கிற கை வலது கை. உழைக்கிற கைக்குத்தானே காவல் போடவேண்டும்? இடது கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கிற கை. ஆக, அது ஒற்றையாக ஒன்று. மூன்று ஜோடியும் அரை ஜோடியும் என் பையில்.

எஃகுக் கிளவுஸைக் காட்டியதும் ஆசாரிக்கும் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது அத்தித் துண்டைக் கொடுத்தார். இரண்டு நாளில் தலை, கழுத்து, ஒரு சிறகு. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை. மூன்றாம் நாள் இன்னொரு சிறகை ஆரம்பித்தேன். உளி நழுவியது. வலது கைக்கு ஒன்றுமே ஆகவில்லை. புதுசு கலையாமல் இருந்தது. இடது கையில் அதே இடம்.

இந்தத் தடவை ஆற்றுக்கு என்னையே அனுப்பினார். மணலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் பார்த்துவிட்டேன். ஒற்றைச் சிறகோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால் ஆசாரி மூன்றாவது துண்டை எனக்கு முன்னால் வைத்தார். "இதுதான் கடைசி. இதுல பட்டுச்சுன்னா எங்கிட்ட மரம் இல்ல, உனக்கு உளியும் இல்ல. பழைய எடத்துக்குப் போயிடு." வசந்தாமணி தன் பக்கத்தில் இருந்த தூளைத் தட்டிவிட்டு, "உன் எடத்துல யாரையும் உக்கார விடலக்கா, பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள். அன்பாகச் சொன்ன மாதிரியே சொன்னாள்.

திரும்ப உப்புத்தாளா? மற்றவர்கள் செய்த கிளியை நான் தேய்ப்பதா? எஃகுக் கிளவுஸைத் திருப்பி இடது கையில் மாட்டினேன். விரல் கோணலாக உட்கார்ந்தது. இருந்தாலும் வாகைத் துண்டில் பழகிப் பார்த்தேன். உளி முனை இழைக்கு நடுவில் புகுந்து சுருக்கென்று ஒரு குத்து. அப்போதுதான் கடைக்காரர் மெதுவாகச் சொன்னது எனக்குச் சத்தமாகக் கேட்டது.

வசந்தாமணி உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க்கா, நீ உளியைத் தள்ளுறியா, கட்டையைத் தள்ளுறியா?"

"என்னடி கேள்வி இது?"

"இல்ல, உன் உளி நின்ன எடத்துலயே நிக்குது. நீ கட்டையை எடுத்துக்கிட்டுப் போய் அதுமேல தள்ளுற. கை போய்க் குத்துக்கு நிக்குது. அப்புறம் உளி என்னக்கா பண்ணும், பாவம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உப்புத்தாள் போடுகிறவள் எனக்கு உளி சொல்லித்தருவதா? எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து கோபத்தோடு கொத்தவரங்காயை எடுத்து வைத்துக்கொண்டு அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். கட்டையில் காலை மடித்துப் போட்டு அழுத்திக்கொண்டு, பத்துக் காயைச் சேர்த்துப் பிடித்துப் படபடவென்று அரிகிறேன். எங்கள் வீட்டுக்காரர், "மெதுவா, மெதுவா. அருவா என்ன ஓடியா போகுது? காயைக் கொண்டுபோய் ஏன் அதுமேல இப்படி மோதுற?" என்றார்.

கை அப்படியே நின்றுவிட்டது கண்ணு. அரிவாள் தேமே என்று நிற்கிறது. போவது என் கை. நாற்பது வருஷமாகக் கத்தி அசைந்ததே இல்லை, காய்தான் அசைந்திருக்கிறது. உளியிலும் என் கை அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. நான் தனியாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இது. வசந்தாமணி சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

நாற்பது வருஷப் பழக்கத்தை நாலு நாளில் விடமுடியுமா? என்னால் முடியாது. ஒன்று நின்றுகொண்டிருக்கவேண்டும், இன்னொன்று போகவேண்டும். அரிவாள் நிற்கிற இடத்தில் கிளியை நிறுத்திவிட்டால்?

"அந்த அருவாளைக் கழட்டணும்" என்றேன்.

"கழட்டிட்டு?"

"மனைக்கட்டை எனக்கு வேணும்."

"நாளைக்கு ரசத்துக்குத் தக்காளி எதுல நறுக்கறதாம்?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. தம்பியின் தோல் கிளவுஸ் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஆட்டி ஆட்டி அரிவாளைப் பிடுங்கி எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அதற்கு நல்ல கிளவுஸ்.

மறுநாள் கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஆசாரி மோந்து பார்த்தார். "ஏம்மா, மீன் அறுத்த மனையிலயா அம்மன் கிளி?"

"ஐயோ, மீனுக்கு வீட்டுல வேற மனைங்கண்ணா. இதுல காய் மட்டுந்தான்." கருவாடு மீனில் சேராது, அதனால் அதைச் சொல்லவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், கட்டையை மேலே ஒரு சுற்றுச் செதுக்கிவிட்டு உப்புத்தாள் போட்டேன். முரட்டுத் தாள், நடுத் தாள், நைசுத் தாள். ஒன்பது வருஷக் கை. முடிந்தபோது மஞ்சள் தண்ணீர் தெளிக்க எடுத்த ஆசாரியே இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் தெளித்தார்.

கிளியின் காலுக்குக் கீழே, அம்மன் கையில் சொருகுவதற்காக ஒரு முளை விட்டிருக்கும். அந்த முளையில் மனைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்குரூ. கிளி அரிவாள் மாதிரி நிமிர்ந்து நின்றது. காலை மடித்துக் கட்டைமேல் போட்டு அழுத்தினேன். இப்போது இடது கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை அது, தானாகவே போய் உளியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. வலது கை பின்னாலிருந்து தள்ள, இடது கை முன்னாலிருந்து அடக்க, உளி போகிறது, கிளி நிற்கிறது. உளிக்கு எதிரே யார் கையும் இல்லை. பக்கம் மாற்றவேண்டுமானால் ஸ்குரூவைத் தளர்த்தித் திருப்பிக்கொள்வேன். நழுவியதா என்று கேட்டால், நழுவியது. ஏழெட்டுத் தடவை நழுவியது. காற்றில் போய்க் குத்தியது. காற்றுக்கு ரத்தம் கிடையாது.

பதினோரு நாள். ஒரு சொட்டு இல்லை. ஆடி வெள்ளிக்கு அம்மன் கையில் உட்கார்ந்துவிட்டது. நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். எல்லோரும் அம்மனைக் கும்பிட்டார்கள். நான் கிளியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கும்பிட மறந்து வந்துவிட்டேன். பூசாரி தப்பாக நினைத்திருப்பார்.

போன வாரம் பட்டறைக்கு அரிவாள் இல்லாத மனைக்கட்டை புதுசாக மூன்று வந்திருக்கிறது. ஒன்றில் வசந்தாமணி உட்கார்ந்து பூ செதுக்கப் பழகுகிறாள். அவளே கண்டுபிடித்த மாதிரி எல்லோருக்கும் காட்டுகிறாள், அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது?

அதோ, பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. இந்தாங்க, உங்க பாக்கெட். நான் சொன்னதால் திருப்பிக் கொடுத்துவிடாதீங்க, செடியைக் கட்டைமேல் ஸ்குரூ போட முடியாது. போட்டுப் பார்த்து வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியில் நான் பத்திரமாக இருக்க என்ன செய்தேன் என்று கேட்டால், காய் நறுக்குகிற வேலையையே எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். காய் மனை இல்லாததால் புதுசாக ஒரு கத்தி வாங்கிக்கொண்டார். அதை நான் தொடுவதில்லை, என் இடது கையை நம்பமுடியாது. முதல் வாரமே வெங்காயத்தோடு விரலையும் நறுக்கிக்கொண்டு, கடைக்காரருக்கே போன் போட்டு, அந்த எஃகுக் கிளவுஸை இடது கைக்கு மாற்றி வாங்கிவந்துவிட்டார். இப்போது தினமும் அதை மாட்டிக்கொண்டுதான் ரசத்துக்குத் தக்காளி நறுக்குகிறார். எங்கள் வீட்டில் கிளவுஸ் போடுகிறவர் அவர் ஒருத்தர்தான்.